காற்று நுழையும் இடம்

மறுபடியும் அதே மஞ்சள் விளக்கு. கார் டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட சின்ன விளக்கு, சுண்டுவிரல் நகத்தளவுகூட இருக்காது, அணைத்து அனுப்பிப் பத்து நாள் ஆகவில்லை, திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது, இது மூன்றாவது முறை. ஸ்கேனரைச் செருகினால் அதுவும் அதே ஒற்றை வரியைத்தான் சொல்கிறது, கலவை லீன், அதாவது காற்று அதிகம், பெட்ரோல் கம்மி. சரி, எங்கே? எங்கிருந்தோ வேண்டாத காற்று உள்ளே நுழைகிறதா, இல்லை வரவேண்டிய பெட்ரோல் வரவில்லையா? அதைக் கேட்டால் மெஷின் வாயைத் திறக்காது, அதற்குத்தான் நீ இருக்கிறாயே என்கிற மாதிரி மினுக்கிக்கொண்டிருக்கும். இருக்கிறேன், இருக்கிறேன், முப்பத்தொரு வருஷமாக இந்த உடுமலை ரோட்டில் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு இருக்கிறேன். கமலவேணி டீச்சர் ஷெட் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் விடைத்தாள் கட்டை வைத்துத் திருத்திக்கொண்டிருக்கிறார். வந்ததும் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நேத்து பதினேழாவது வளைவுல நின்னு போச்சுங்கண்ணா. திரும்பறப்ப கால எடுத்தேன், அப்படியே ஆஃப் ஆயிருச்சு. பின்னால பஸ்ஸு. வண்டி பின்னாடி உருளுது, பிரேக்கு கல்லாட்டம் இருக்குது, ரெண்டு காலையும் வச்சு அமுக்கினேன்" என்று காய்கறி வாங்கி வந்த கதை மாதிரி சொன்னார். வால்பாறை மலையில் பாதி ஏறினால் அவருடைய பள்ளிக்கூடம், தினமும் போய்வருகிறார், பதினேழு வருஷப் பழைய வண்டியில், நான் சரி என்று சொல்லி அனுப்பிய வண்டியில். இன்றைக்குச் சனிக்கிழமை. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் மறுபடியும் ஏறுவார். அதற்குள் காற்று நுழையும் இடத்தை நான் கண்டுபிடிக்க வேண்டும், இல்லையென்றால் ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். இரண்டாவதை நினைத்தாலே உள்ளங்கை வியர்த்து ஸ்பேனர் வழுக்குகிறது.

கையில் ட்யூப் இருக்கிறது. ஒரு கை நீளத்துக்கு ரப்பர் ட்யூப், ஒரு முனை காதுக்குள், மறுமுனையை எஞ்சின் மேல் அங்குலம் அங்குலமாக நகர்த்த வேண்டும், ரப்பர் குழாய் எங்கே வெடித்திருக்கிறதோ அங்கே காற்றை உறிஞ்சும், உஸ்ஸ் என்று மெல்லிசாகக் கேட்கும், அவ்வளவுதான் வித்தை. பொள்ளாச்சியில் பாதிப் பேருக்கு என் பெயர் திருமூர்த்தி என்றே தெரியாது, காது மூர்த்தி என்றால் ஆட்டோக்காரர்கூட இறக்கிவிடுவார். அடுத்த ஊர் மெக்கானிக்குகள் போனை எஞ்சின் பக்கத்தில் பிடித்து, "மூர்த்தியண்ணா, இது என்ன சத்தம்னு சொல்லுங்க" என்பார்கள், நான் சாப்பிட்டுக்கொண்டே சொல்வேன், பேரிங் என்பேன், டைமிங் செயின் என்பேன், சொன்னது சரியாக இருக்கும், கர்வம் என்றால் கொஞ்சநஞ்சக் கர்வமா. இப்போது ட்யூபுக்குள் என்ன கேட்கிறது? எஞ்சினின் தடதடப்பு கேட்கிறது. என் ரத்தம் ஓடுகிற சத்தமாக இருக்கும், ஏதோ ஒரு குமுறல் கேட்கிறது. உஸ்ஸ் இல்லை. முதல் தடவை வண்டி வந்தபோது பக்கத்து டிங்கர் ஷெட்டில் தகரத்தை அடித்துக்கொண்டிருந்தான், அவன் தலையில் பழியைப் போட்டேன். இரண்டாவது தடவை ஆனிக்காற்று, பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வீசி தென்னை மட்டையெல்லாம் இரைந்துகொண்டிருந்தது, காற்றின் மேல் போட்டேன். இன்றைக்கு மாதாந்திரப் பவர் கட். காலை ஒன்பதிலிருந்து தெரு முழுக்க மோட்டார் இல்லை, கம்ப்ரசர் இல்லை, டிங்கர் ஷெட்டுக்காரன் ஷட்டரை இறக்கிவிட்டு ஊருக்குப் போய்விட்டான், ஓர் இலைகூட அசையவில்லை. விளக்கு திரும்ப வந்துவிட்டது என்று டீச்சர் மெசேஜ் அனுப்பியதும் நான்தான் போன் பண்ணி, கரண்ட் இல்லாத அன்னிக்கிக் கொண்டாங்க, அமைதியா இருக்கும், கண்டுபிடிச்சரலாம் என்றேன். பெரிய புத்திசாலித்தனம். சாக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லாத ஒரு நாளைப் பார்த்து நானே பொறுக்கி எடுத்திருக்கிறேன்.

ஸ்கேனரில் ஓர் எண் ஓடுகிறது. கலவையைச் சரிக்கட்ட எஞ்சின் வழக்கத்தைவிட எவ்வளவு கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றவேண்டியிருக்கிறது என்கிற எண். வண்டி சும்மா நின்று ஓடும்போது நூற்றுக்கு இருபத்து நாலு. ஆக்சிலேட்டரை மிதித்தால் கடகடவென்று இறங்கி ஐந்து. இதன் அர்த்தம் இந்தத் தொழிலுக்கு வந்து ஆறு மாதம் ஆனவனுக்கே தெரியும், பெட்ரோல் பம்ப்பில் கோளாறு என்றால் மிதிக்க மிதிக்க எண் ஏறும், இங்கே இறங்குகிறது, ஆகவே எங்கோ ஓட்டை, காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கிற நேரத்தில்தான் அது அதிகமாக உறிஞ்சும். டீச்சர் வளைவில் காலை எடுத்தார், நின்றது. எல்லாம் கையிலிருக்கிற ரேகை மாதிரித் தெளிவு. முதல் தடவையே இந்த எண்ணைப் பார்த்தேன். பார்த்துவிட்டு ட்யூபைக் காதில் வைத்தேன், ஒன்றும் கேட்கவில்லை, ஓட்டை இல்லை என்று முடிவு செய்தேன், எண்தான் பொய் சொல்கிறது என்று ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றிப் புதிது போட்டேன். பாவம், உள்ளதைச் சொன்ன சென்சார், அதைத் தூக்கி எறிந்தேன். இரண்டாவது தடவை அதே எண், அதே காது, பெட்ரோல் பீச்சுகிற இஞ்செக்டரைச் சுத்தம் பண்ணினேன், பம்ப்பை மாற்றினேன், விளக்கை அணைத்து, "இனிமே வராதுங்க டீச்சர்" என்றேன். என் காது இல்லை என்று சொன்னால் இல்லைதான், அப்படித்தான் முப்பத்தொரு வருஷமும் ஓடியது. வேறு ஆளிடம் போயிருந்தால் அவன் எண்ணை நம்பியிருப்பான், அன்றைக்கே முடிந்திருக்கும். நம்பிக்கெட்டது டீச்சர் மட்டுமா, நானும்தான். இடுப்பு வலிக்கிறது. நிமிர்ந்தால் மறுபடி குனிய முடியாது என்று பயந்து குனிந்தே நிற்கிறேன்.

எப்போது ஆரம்பித்தது? யோசித்தால் ஒரு நாள் கிடைக்கவில்லை. போன் அடிப்பது கேட்காமல், என் வீட்டுக்காரி பூங்கோதை எடுத்துவந்து கையில் கொடுத்தபோதா? சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டே அவள் பேசுவாள், தண்ணீர்ச் சத்தம் கேட்கும், பேச்சு கேட்காது, நான் 'ம்' போடுவேன், முப்பது வருஷக் குடித்தனத்தில் 'ம்' போட்டால் போதும் என்று ஒரு தைரியம். பஸ் சத்தம் கேட்கிறது, லாரி கேட்கிறது, ஆம்பளைக் குரல் கேட்கிறது. பெண்கள், குழந்தைகள் பேசினால் சத்தம் வருகிறது, வார்த்தை வருவதில்லை. ஓசூரிலிருந்து மகள் தாரணி போன வைகாசியில் பேசினாளே, வாரா வாரம் பேசுகிறவள்தான், ஏதோ சொன்னாள், குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, நானும் சாதாரணமாக, "சரிம்மா, நல்லதும்மா" என்றேன். அந்தப் பக்கம் பேச்சே இல்லை. பூங்கோதை போனைப் பிடுங்கி உள்ளே போனாள், வெளியே வந்து, "மாப்பிள்ளைக்கு வேலை போயிருச்சுன்னு பிள்ளை அழாமச் சொல்லுது, நீங்க நல்லதுன்னு சொல்றீங்க" என்றாள். டவர் சரியில்லை என்றேன். பார், அன்றைக்கு டவர். டிங்கர் ஷெட், ஆனிக்காற்று, டவர், உலகத்தில் எல்லாவற்றிலும் பழுது, என்னைத் தவிர. அவள் விடவில்லை, மார்க்கெட் ரோடு கல்யாண மண்டபத்தில் இலவசக் காது முகாம் என்று நோட்டீஸ் வந்ததும் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். ஒரு பெண், சின்ன வயசு, என் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் விரலைத் தூக்குங்கள் என்று சைகை செய்துவிட்டு, மேஜைக்குப் பின்னால் மெஷினோடு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் அவள் பொத்தானை அமுக்கும்போதெல்லாம் வலது தோள் கொஞ்சம் அசைந்தது. எனக்கு அது போதாதா? எந்தப் பாகம் எப்போது அசைகிறது என்று பார்ப்பதுதானே தொழில். தோள் அசைந்தால் விரலைத் தூக்கினேன். "உங்க வயசுக்கு ரொம்ப நல்லா இருக்குங்க சார்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தாள். அந்தச் சீட்டைப் பூங்கோதை இரண்டு தடவை படித்தாள். அதற்கப்புறம் அவள் காதைப் பற்றிப் பேசுவதில்லை, என்னிடம் பேசுவதே குறைந்துவிட்டது, அவள் என்னதான் செய்வாள், கேட்கிற மனிதன் காதில் வாங்கவில்லை என்றால் அது அலட்சியம்தானே. அப்படித்தான் அவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். வெட்கமாக இருக்கிறது. எஞ்சின் சூடு முகத்தில் அடிக்கிறது, கண் எரிகிறது, புகை என்று சொல்லிக்கொள்ளலாம், புகை இல்லை.

ஸ்ப்ரே இருக்கிறது. டீ குடிக்கப் போன இடத்தில் எவனாவது ஸ்ப்ரே அடித்து ஓட்டையைக் கண்டுபிடித்தேன் என்றால், காதை அடகு வைத்துவிட்டு டப்பா வாங்கினாயா என்று நான்தான் கிண்டல் பண்ணுவேன். அதே டப்பாவைக் கோயமுத்தூரில், என்னைத் தெரியாத கடையில் வாங்கிப் பெயின்ட் டின்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். சந்தேகப்பட்ட குழாய் மேல் அதை அடித்தால், ஓட்டை வழியாக எஞ்சின் அதையும் பெட்ரோல் மாதிரி உறிஞ்சிக்கொண்டு சட்டென்று வேகம் மாறும், காது வேண்டாம், எண்ணைப் பார்த்தால் போதும். டீச்சர் டீக்கடைக்குப் போன பத்து நிமிஷத்தில் பாதி டப்பாவைக் காலி பண்ணினேன். எண் அசையவில்லை. ஓட்டை மேலே இல்லை. அடியில், காற்றைப் பிரித்து எஞ்சினுக்குள் அனுப்புகிற மேனிஃபோல்டுக்குக் கீழே, கையும் போகாத ஸ்ப்ரேயும் சரியாகப் போகாத இடத்தில் இருக்க வேண்டும், அங்கே மூன்று நான்கு குழாய் பின்னிக்கிடக்கிறது, அங்கே ட்யூப் முனைதான் போகும். ட்யூப் போகிறது, நான் போக முடியவில்லை. எல்லாவற்றையும் அவிழ்த்துப் போடலாம், ஒவ்வொரு ரப்பரையும் மாற்றலாம், இந்த வயசு வண்டிக்குப் பாதி ரப்பர் கோயமுத்தூரிலேயே கிடைப்பதில்லை, வர ஒரு வாரம் ஆகும், அதற்குள் திங்கட்கிழமை வந்துவிடும். இல்லையென்றால் ஒன்று செய்யலாம். கம்ப்யூட்டர் போர்டு போயிருச்சுங்க டீச்சர், இது என் கையில் இல்லை, கோயமுத்தூர் ஷோரூமுக்குக் கொண்டு போங்க. எவ்வளவு சுலபம். போர்டு என்றால் யாரும் எதிர்த்துக் கேட்க மாட்டார்கள், போர்டு சாமி மாதிரி, யாரும் பார்த்ததில்லை. காது மூர்த்தியே போர்டு என்று சொல்லிவிட்டார் என்றால் ஊர் நம்பும். இந்தப் பொய்யை நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன், சலிப்பான குரலில், வருத்தமான குரலில், அவசரமான குரலில். ஆனால் முதல் தடவையே டீச்சர் சொன்னாரே, "எங்க வீட்டுக்காரரு ஷோரூம்ல குடுக்கச் சொன்னாருங்க, நாந்தான் வேண்டாம், மூர்த்தியண்ணன் காத வச்சாப் போதும்னேன்" என்று. எத்தனை பெருமையாகச் சொன்னார், எனக்கு அன்றைக்கு எத்தனை குளிர்ச்சியாக இருந்தது. களைத்துவிட்டேன். இந்த எஞ்சினை நிறுத்திவிட்டு அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்து, வேறு யாராவது குனிந்து நிற்கட்டும் என்று இருக்கிறது. ஆனால் வேறு யார்?

நாற்காலி தரையில் உராய்வது கேட்கிறது, அது கேட்கிறது. டீச்சர் எழுந்து பேப்பர்க் கட்டைப் பைக்குள் வைக்கிறார். பக்கத்தில் வந்து ஏதோ கேட்கிறார். உதட்டைப் பார்க்கிறேன், திங்கக்கிழமை என்பது தெரிகிறது, எடுத்துட்டுப் போலாங்களா என்பது தெரிகிறது. என் தலை ஆடுகிறது. நான் ஆட்டவில்லை, அதுவாகவே ஆடுகிறது, இரண்டு வருஷமாக எல்லோருக்கும் ஆடிப் பழகிய தலை, போகலாம் போகலாம் என்று ஆடுகிறது, வாய்கூடத் திறந்துவிட்டது, "போ" வரைக்கும் வந்துவிட்டது. பஸ்ஸின் முகம் தெரிகிறது எனக்கு, பதினேழாவது வளைவில் டீச்சரின் பின்கண்ணாடி முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கிற பஸ். "போகக் கூடாதுங்க" என்கிறேன். என் குரல் எனக்கே சத்தமாக இருக்கிறது. "டீச்சர், கொஞ்சம் இங்க வாங்க. இந்த ட்யூபக் காதுல வச்சுக்குங்க." அவர் சிரிக்கிறார், "நானுங்களா?" என்கிறார், நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, என் காதுக் குறும்பி ஒட்டிய முனையைத் தலைப்பிலேயே துடைத்துக் காதில் வைக்கிறார். மறுமுனையை அடியில் விடுகிறேன். "என்ன சத்தங்கண்ணா கேக்கோணும்?" "உஸ்ஸுன்னு. டயர்ல காத்து இறங்கற மாதிரி." ஓர் அங்குலம் நகர்த்துகிறேன். தலையசைத்து இல்லை என்கிறார். இன்னோர் அங்குலம். இல்லை. குழாய் வளைந்து மேனிஃபோல்டுக்குள் போகிற முழங்கை மாதிரி இடம், அங்கே முனையைத் திருப்புகிறேன், டீச்சர் சட்டென்று ட்யூபைக் காதிலிருந்து பிடுங்கிக்கொள்கிறார். "ஐயோ, என்னங்கண்ணா இது, காதையே கிழிக்குது! ட்யூபே வேண்டாங்க, இப்பப் பாருங்க, சும்மாவே கேக்குது."

சும்மாவே. கையை விடுகிறேன், தோல் சுடுகிறது, இரும்புக்கும் இரும்புக்கும் இடையில் இரண்டு விரல் போகும், முழங்கையின் அடிப்பக்கம் தடவினால் ரப்பர் உப்பிப் பிளந்திருக்கிறது, அந்தப் பிளவு என் விரல் நுனியை உள்ளே இழுக்கிறது. அழுத்தி மூடுகிறேன். எஞ்சினின் நடுக்கம் நின்று ஒரே சீராக ஓடுகிறது, ஸ்கேனரில் எண் இருபத்து நாலிலிருந்து இறங்குகிறது, பதினைந்து, எட்டு, மூன்று. விரலை எடுக்கிறேன், ஏறுகிறது. முடிந்தது. ஒரு சாண் ரப்பர். இதே மாதிரி முழங்கைக் குழாய் ஷெட் மூலையில் கிடக்கிற ஒரு பழைய எஞ்சினில் இருக்கிறது, அரை மணி நேர வேலை. சந்தோஷம் வர வேண்டும், ஒன்றும் வரவில்லை, கை எரிகிறது, அவ்வளவுதான். டீச்சர் எஞ்சினைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கிறார். வகுப்பில் முன்பெஞ்சில் ஒருத்தன் விடைத்தாளைப் பார்த்து எழுதிவிட்டான் என்று கண்டுபிடித்தால் இப்படித்தான் பார்ப்பார் போலிருக்கிறது. அருகில் வந்து, நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்கிறார், "இத்தனை சத்தம் போடுது. இது மொதத் தடவையே உங்களுக்குக் கேக்கலைங்களா?" இன்னும் வழி இருக்கிறது. அன்றைக்கு இவ்வளவு பிளக்கவில்லை, இப்போதுதான் பெரிதாகியிருக்கிறது என்று சொல்லலாம், பாதி உண்மையாகக்கூட இருக்கும், அவரும் நம்பிவிடுவார். ரப்பரின் பிளவைப் பார்க்கிறேன், ஓரமெல்லாம் கறுத்து அழுக்கேறி, பழசு. "கேக்கலைங்க டீச்சர்" என்கிறேன். "இப்பவும் கேக்கலை. காது போயிருச்சுங்க எனக்கு. ரெண்டு வருஷமாத் தெரியும்."

பரிதாபப்பட்டு விடுவாரோ என்று பயந்தேன், அவர் முகம் சிவந்துகொண்டே வந்தது. "தெரிஞ்சுட்டேதான் அனுப்புனீங்க" என்றார். பெண்குரல் எனக்குப் பிடிபடாது, இந்த வார்த்தை ஒன்றுகூட விடாமல் பிடிபட்டது. "நேத்து நான் தனியாப் போகலைங்க. பின்சீட்டுல எம்பொண்ணு தூங்கிட்டிருந்தா. ஒம்பதாவது படிக்கறா. வண்டி பின்னாடி உருண்டப்ப முழிச்சு, என்னம்மா ஆச்சுன்னு கேட்டா. ஒண்ணுமில்ல சாமி, மூர்த்தி மாமா பாத்துக் குடுத்த வண்டின்னு சொன்னேன்." மன்னிச்சுக்குங்க என்று சொன்னேனா, நினைத்தேனா, தெரியவில்லை, என் குரலும் எனக்குக் கேட்கவில்லை. அவர் போய் வண்டிக்குள் கையை விட்டு எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்தார். பூட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்துப் போய்விடுவார், நாளைக்கு வேறு ஆளை அனுப்பி வண்டியை இழுத்துக்கொண்டு போவார், அதுதான் நியாயம், நான் ஒதுங்கி நின்றேன். போகவில்லை. சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டு திரும்பி வந்து, பானெட்டுக்கு எதிர்ப்பக்கம், எனக்கு நேர் எதிரே நின்றார். வாயை நன்றாகத் திறந்து, சத்தமாக, எனக்குப் புரியும்படி சொன்னார். "மாத்துங்க. மாத்தி முடிச்சுட்டுச் சொல்லுங்க. சரியாயிருச்சான்னு நான் கேட்டுச் சொல்றேன்."